ஓதத்துக்கு முதுகு காட்டி நின்றவர்

சியென்தாங் ஆற்றின் தென்கரையில் ஷென் மாவ்கென் பதினான்கு வருடமாகப் பார்த்த வேலை, ஆற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பது. ஆரஞ்சு நிற மேல்சட்டை, கழுத்தில் விசில், கையில் ஒலிபெருக்கி. கடல் தண்ணீர் ஓதமாக ஆற்றுக்குள் ஏறி வரும் நேரம்தான் அவருடைய வேலை நேரம். ஆள் உயரத்துக்கும் மேலே ஒரு வெள்ளைச் சுவர், ஆற்றின் அகலம் மொத்தத்தையும் அடைத்துக்கொண்டு, ஆறு ஓடும் திசைக்கு எதிராக ஓடி வரும். அதைப் பார்க்க எந்தெந்த மாகாணத்திலிருந்தோ ஜனங்கள் வந்து கரையில் முண்டியடிப்பார்கள். அத்தனை பேரும் ஓதத்தைப் பார்க்க, மாவ்கென் மட்டும் அத்தனை பேரையும் பார்ப்பார். தடுப்புக் கம்பிக்கு வெளியே காலைப் போடுவது யார், படம் எடுக்கிற மும்முரத்தில் படியில் இறங்குவது யார் என்று பார்க்கத்தான் அவருக்குச் சம்பளம்.

அதனால் பதினான்கு வருட ஓதங்களை அவர் முகங்களில்தான் பார்த்திருந்தார். கிழக்கே வெள்ளைக்கோடு தெரிந்ததும் பேச்சு நிற்கும். பிறகு எல்லாரும் காரணமில்லாமல் சிரிப்பார்கள். அதற்குப் பிறகு சத்தம் வரும், சரளைக்கல் பாதையில் நூறு வண்டிகள் சேர்ந்து ஓடுவதுபோல. அப்போது சிரிப்பு போய்விடும். வாய் திறந்தபடி நின்றுவிடும். ஒரு பெரிய அதிகாரி மாதிரி இருந்தவர் தன்னை அறியாமலே தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டதை அவர் கண்டிருக்கிறார். ஒரு பெண் அவித்த சோளத்தைக் கடித்துக்கொண்டே அழுததையும் கண்டிருக்கிறார்.

"மாவ்கென் அண்ணே, பின்னாடி திரும்பிப் பாக்கணும்னு தோணவே தோணாதா உனக்கு?" என்று ஒருநாள் கேட்டாள் ஃபாங் லிங்தி. அவருக்கு அடுத்த படிக்கட்டில் காவல் நிற்பவள் அவள். வாய் அதிகம், கண் அதைவிட அதிகம்.

"நான் பாக்க வேண்டியத பாத்துட்டேன்," என்றார் மாவ்கென்.

"எப்ப? பள்ளத்துல விழுந்தியே, அப்பவா?"

மாவ்கென் விசிலைத் துடைத்துக்கொண்டார். அந்தக் கதை கரையில் எல்லாருக்கும் தெரியும்.

மாவ்கென் பிறந்தது அதே கரையில், சியாவ்ஷான் மணல்வெளியில். அவர் இளைஞனாக இருந்தபோது தடுப்புக் கம்பியும் கிடையாது, டிக்கெட்டும் கிடையாது. ஓதத்தின் முகப்பில் அடிபட்டு மயங்கி மிதந்து வரும் மடவை மீனையும் விலாங்கையும் அள்ள, ஊர் ஆம்பளைகள் அதற்கு முன்னால் ஓடுவார்கள். நீளக் கழியில் வலை, முதுகில் கூடை, உடம்பில் பொட்டுத் துணி கிடையாது. நனைந்த துணி காலைச் சுற்றினால் கதை முடிந்தது. ஓதத்துக்கு நாலடி முன்னால், அதன் மூச்சு பிடரியில் படுகிற தூரத்தில் ஓடிக்கொண்டே, சட்டென்று ஒரு அள்ளு அள்ளிக் கரைக்குத் தாவிவிட வேண்டும். ஒரு தடவை சறுக்கினால் இரண்டாவது தடவை கிடையாது.

பத்தொன்பது வயதில் மாவ்கென்தான் அந்தப் பக்கத்தில் வேகமான கால். அந்த வருடம் இலையுதிர் காலத்தில் ஒருநாள் ஓதம் அவரைப் பிடித்தது. எல்லாரும் கரையேறிவிட்டார்கள், அவர் மட்டும் ஏறவில்லை. தண்ணீர் அவரைச் சுருட்டி, உருட்டி, முக்கால் கிலோமீட்டர் தூரத்தில் சேற்றுத்திட்டில் துப்பிவிட்டுப் போனது. தோள் விலகியிருந்தது. முழங்காலில் தோலே இல்லை. மண்ணுக்குள் ஏதோ பள்ளம் இருந்திருக்கும், கால் மாட்டியிருக்கும் என்று ஊரே முடிவு செய்தது. அவரும் ஆமாம் என்றார். பிறகு மீனுக்கு ஓடுவதும் ஊரில் நின்றது. அவர் செங்கல் சூளைக்குப் போனார், லாரி ஓட்டினார், யூ சைஃபங்கைக் கட்டினார், ஒரு மகளைப் படிக்க வைத்து ஷென்ஜென்னுக்கு அனுப்பினார். நாற்பத்துநாலு வயதில், ஓதக்காவலுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும், லாரிச் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு முதல் ஆளாகப் போய் நின்றார். சம்பளம் பாதிதான். ஏன் போனார் என்று கேட்டால், "வீட்டுக்குப் பக்கம்" என்பார்.

இது நடந்தது அவருடைய ஐம்பத்தெட்டாவது வயதில், சந்திர மாதம் எட்டில் பதினெட்டாம் நாள். நிலாத் திருவிழாவுக்கு மூன்றாம் நாள். வருடத்திலேயே பெரிய ஓதம் வருகிற நாள். விடிந்ததிலிருந்தே பேருந்துகள் வந்து ஜனத்தைக் கொட்டிக்கொண்டிருந்தன. சைஃபங் வாசலில் காயப்போட்டிருந்த முள்ளங்கி வற்றல் மேல் யாரோ ஸ்கூட்டரை ஏற்றிவிட்டதாகக் காலையிலேயே சண்டை. "உன் அலைய பாக்க வர்றவங்க என் முள்ளங்கிய பாக்க மாட்டாங்களா?" என்று புருஷனிடம்தான் கத்தினாள், அவர்தான் ஓதத்தை வரவழைத்தவர் என்பதுபோல.

பகல் பன்னிரண்டரைக்கு முதல் விசில். படிக்கட்டுகளின் கதவுகளைச் சங்கிலி போட்டுப் பூட்டினார்கள். ஆறு வற்றி, காவி நிறத்தில், தூங்குவதுபோலக் கிடந்தது. அதைப் பார்த்தால் யாரும் பயப்பட மாட்டார்கள். அதுதான் அதன் ஆபத்து.

ஒரு மணி தாண்டியதும் கிழக்கே கொக்குகள் எழும்பின. கூட்டம் மொத்தமும் அந்தப் பக்கம் திரும்பியது. மாவ்கென் வழக்கம்போலக் கூட்டத்தைப் பார்த்தார். ஆயிரம் கண்கள் கிழக்கே. ஆனால் மூன்றாவது வரிசையில் நாலைந்து பேர் கிழக்கே பார்க்கவில்லை. கீழே, அவருடைய முதுகுக்குப் பின்னால், பார்த்தார்கள். அவர்கள் முகத்தில் வியப்பு இல்லை. வேறு ஏதோ இருந்தது.

அவர் திரும்பினார்.

கரையிலிருந்து ஆற்றுக்குள் நீட்டிப் போட்ட கல் தூண்டில் வளைவின் நுனியில் ஒரு பெண் நின்றிருந்தாள். நரைத்த தலை, நீல நிறச் சட்டை, கையில் ஒரு காலி பிளாஸ்டிக் பாட்டில். எந்த வழியாக இறங்கினாளோ தெரியவில்லை. நூற்றிருபது அடி தூரம்.

"லிங்தி! நுனியில ஆளு!" என்று கத்திவிட்டு, ஒலிபெருக்கியைப் போட்டுவிட்டு, அவர் கம்பியைத் தாண்டினார்.

"அண்ணே, வேண்டாம்ணே! டைம் இல்லண்ணே!" என்று லிங்தி கத்தியது கேட்டது.

டைம் இருந்தது. அவருக்குத் தெரியும். வெள்ளைக்கோடு இன்னும் தடித்திருக்கவில்லை. நாலு நிமிடம், குறைந்தால் மூன்றரை. பாசி பிடித்த கற்களின் மேல் பாதத்தின் பக்கவாட்டை ஊன்றி ஓடினார். முப்பத்தொன்பது வருடத்துக்குப் பிறகும் பாதத்துக்கு அது மறந்திருக்கவில்லை. மூச்சுக்குத்தான் மறந்திருந்தது.

அவள் பக்கத்தில் போய்ச் சேர்ந்தபோது அவள் திரும்பக்கூட இல்லை. கையைப் பிடித்தார். அந்தக் கை எதிர்க்கவும் இல்லை, வரவும் இல்லை. மரத்தில் கட்டிய கயிறுபோல இருந்தது.

"தம்பி," என்றாள், கண்ணை எடுக்காமல். "அது என்ன?"

"தண்ணிக்கா."

"அவ்வளவுமா?"

"அவ்வளவும்."

"இவ்ளோ தண்ணிய யாருமே புடிச்சு வைக்கலையா?"

கோடு இப்போது சுவராகியிருந்தது. அதன் உச்சியில் நுரை கலைந்து கலைந்து சேர்வது தெரிந்தது. சரளைக்கல் சத்தம் நெஞ்சுக்கூட்டுக்குள் இறங்கியது. கரையில் அத்தனை பேரும் கத்தினார்கள். அந்தச் சத்தம் அவளுக்குக் கேட்கவில்லை என்பது மாவ்கென்னுக்குத் தெரிந்தது. கேட்காது. அவருக்கும் ஒரு காலத்தில் கேட்டதில்லை. இந்த நேரத்தில் திட்டினால் ஏறாது, இழுத்தால் இரண்டு பேரும் கல்லில் சறுக்குவார்கள்.

அவர் குரலைத் தாழ்த்தினார். பக்கத்து வீட்டுக்கு டீ குடிக்கக் கூப்பிடுவதுபோலச் சொன்னார்.

"அக்கா, இங்கேருந்து பாத்தா முகம் மட்டுந்தான் தெரியும். மேலேருந்து பாத்தா முழு உடம்பும் தெரியும். வாங்க, நான் காட்டுறேன்."

அவள் முதல் தடவையாக அவர் பக்கம் திரும்பினாள். "மேலேருந்து நல்லா தெரியுமா?"

"சத்தியமா நல்லா தெரியும்."

வந்தாள். பாதித் தூரம் வரை ஓடினார்கள். அங்கே அவள் கணுக்கால் மடங்கியது. மாவ்கென் அவளைத் தூக்கித் தோளில் போட்டார். விலகிச் சேர்ந்த அதே தோள். படிக்கட்டின் அடிக்கு வந்தபோது காற்று குளிர்ந்தது. ஓதத்துக்கு முன்னால் எப்போதும் ஒரு காற்று வரும், ஈரத்துணியால் விசிறுவதுபோல. அது பிடரியில் கை வைப்பதுபோல இருந்தது அவருக்கு. மூன்று படி ஏறினார். நாலாவது படியில் தண்ணீர் பிடித்தது. முழங்காலை அடித்து, இடுப்பை அடித்து, இரண்டு பேரையும் சுவரோடு சேர்த்து நசுக்கியது. மேலேயிருந்து லிங்தியும் முகம் தெரியாத நாலு ஆம்பளைகளும் சட்டையைப் பிடித்து, முடியைப் பிடித்து, கிடைத்ததையெல்லாம் பிடித்து இழுத்தார்கள். ஒரு சப்பாத்தும் அந்தப் பாட்டிலும் ஆற்றோடு போயின.

தூண்டில் வளைவு இருந்த இடத்தில் வெறும் நுரை கொதித்தது.

கரைமேல் தரையில் உட்கார்ந்த நிலையிலேயே அந்தப் பெண் தலையைத் தூக்கிக் கம்பி இடுக்கு வழியாகப் பார்த்தாள். "நெசந்தான், தம்பி," என்றாள் மூச்சு வாங்க. "மேலேருந்து நல்லாத்தான் தெரியுது."

லிங்தி முதலில் சிரித்தாள், பிறகு அழுதாள், பிறகு மாவ்கென்னின் முதுகில் ஒரு அறை விட்டாள்.

அந்தப் பெண்ணின் பெயர் நியூ சிங்மெய். கான்சு மாகாணத்தில் டிங்சி பக்கத்து மலையூர். மழையைப் பூமிக்குள் தொட்டி கட்டிச் சேர்த்து வைத்து வருடம் முழுக்கக் குடிக்கிற ஊர். ஹாங்சோவில் நர்ஸாக இருக்கும் மகள் சியாவ்யூன், அம்மாவைக் கூட்டி வந்து ஏரியைக் காட்டினாள், கோபுரத்தைக் காட்டினாள், கடைசியாக ஓதத்தைக் காட்ட அழைத்து வந்தாள். காரை நிறுத்த இடம் தேடிப் போன நேரத்தில் அம்மா காணாமல் போய்விட்டாள். ஊருக்குக் கொஞ்சம் ஆற்றுத்தண்ணீர் எடுத்துப் போகலாம் என்று, கூட்டம் இல்லாத பக்கமாக, கம்பிக்கு அடியில் குனிந்து இறங்கியிருக்கிறாள். முதல் விசிலை அவள் ஐஸ்காரன் என்று நினைத்தாளாம்.

"ஐஸ்காரனா! அம்மா, நான் உன்ன என்ன பண்றது?" என்று மகள் கரையிலேயே தலையில் அடித்துக்கொண்டாள்.

மறுநாள் மாவ்கென்னுக்கு விடுமுறை. மேலதிகாரி பாதி பாராட்டி, பாதி திட்டி, "தோள டாக்டர்கிட்ட காட்டு" என்று வீட்டுக்கு அனுப்பியிருந்தார். காலை பத்து மணிக்கு வாசலில் ஒரு சின்ன வெள்ளை மின்கார் வந்து நின்றது, முள்ளங்கியைச் சுற்றி, மிகுந்த ஜாக்கிரதையாக. ஓட்டி வந்தது சியாவ்யூன். கணுக்காலில் கட்டோடு சிங்மெய் இறங்கினாள். கையில் ஒரு மூட்டை உருளைக்கிழங்குச் சேமியா. ஊரிலிருந்து மகளுக்கென்று கொண்டு வந்தது.

"உசுருக்கு சேமியாதான் விலையான்னு நெனைக்காத, தம்பி. எங்க ஊர்ல வேற ஒண்ணும் வெளையாது."

"எங்க ஊர்ல முள்ளங்கிய தவிர வேற ஒண்ணும் வெளையாது," என்றாள் சைஃபங். "உள்ள வாங்க."

சாப்பாட்டு மேஜையில் சிங்மெய் கேட்டுவிட்டாள். "நேத்து எல்லாரும் என்னைத் திட்டுனாங்க. போலீஸ்காரர் திட்டுனாரு, என் மகளே திட்டுனா. நீ மட்டும் திட்டல. ஏன் தம்பி?"

மாவ்கென் கிண்ணத்தில் இருந்த சோற்றைக் கிளறினார். சைஃபங் அவரைப் பார்த்தாள்.

"நானும் ஒருநாள் அப்படி நின்னுருக்கேன்," என்றார். "பத்தொம்பது வயசுல. பள்ளத்துலயெல்லாம் விழல. அன்னிக்கு ஓதம் ரெண்டா பிரிஞ்சு வந்துச்சு. வடகிழக்கேருந்து ஒண்ணு, தென்கிழக்கேருந்து ஒண்ணு. எனக்கு முன்னாடி ரெண்டும் குறுக்க மோதுச்சு. மோதுன இடத்துல தண்ணி எந்திரிச்சு நின்னுச்சு, அக்கா. செவுரு மாதிரி. அதுக்குப் பின்னாடி வெயிலு. உள்ளுக்குள்ள பச்சையா, கண்ணாடி மாதிரி, மீனெல்லாம் தொங்குது. அசையாம தொங்குது. ஒரு மடவை என்னையே பாக்குது. ஓடணும்னு தெரியும். காலு நல்லாத்தான் இருந்துச்சு. எனக்குப் போக மனசு வரல."

அவருடைய குரல் கடைசியில் இறங்கிவிட்டது. முப்பத்தொன்பது வருடமாக யாரிடமும் சொல்லாததை, முள்ளங்கி வற்றலுக்கும் சேமியாவுக்கும் நடுவில் சொல்லிவிட்டார். வாயைப் பிளந்து வேடிக்கை பார்த்து மாட்டிக்கொண்டவன் என்று ஊர் சிரிக்கும் என்ற கூச்சம் ஒன்று. அதைவிடப் பெரிய காரணம், சொன்னால் அந்தக் காட்சி குறைந்துவிடும் என்ற பயம். குறையவில்லை. மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த சிங்மெய் அதை அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு அப்பவே தெரியும்," என்றாள் சைஃபங்.

"என்ன தெரியும்?"

"நீ பள்ளத்துல விழலன்னு. அன்னிக்கு நான் எங்கம்மா கூட கரையில வேகவெச்ச கிழங்கு வித்துக்கிட்டு இருந்தேன். உன்ன சேத்துலேருந்து தூக்கிட்டு வந்தாங்க. தோளு ஒரு பக்கம் தொங்குது, முட்டியில ரத்தம். நீ சிரிச்சுக்கிட்டு கெடக்குற. பள்ளத்துல விழுந்தவன் மூஞ்சி அப்படியா இருக்கும்?"

"இத்தன வருஷமா சொல்லவேயில்ல?"

"நீ சொன்னியா?" அவள் கிண்ணங்களை அடுக்கினாள். "இவன் பைத்தியமா, இல்ல வேற ஏதாவதான்னு பாக்கத்தான் உன்ன கட்டிக்கிட்டேன். இன்னும் முடிவு பண்ணல."

சியாவ்யூன் சிரித்துச் சிரித்துப் புரையேறிப் போனாள்.

அன்றைய ஓதத்தை நாலு பேரும் மேல்கரையில் உட்கார்ந்து பார்த்தார்கள். லிங்தி கீழே நின்று, வேண்டுமென்றே மாவ்கென்னைப் பார்த்து ஒரு விசில் ஊதினாள். பத்தொன்பதாம் நாள் ஓதம் முந்தைய நாளைவிடக் கொஞ்சம்தான் குட்டை. வெள்ளைச் சுவர் தூண்டில் வளைவில் மோதி, வீட்டு உயரத்துக்கு எழும்பி, திரும்பி விழுந்து, கோபித்துக்கொண்டதுபோல மேற்கே ஓடியது. சிங்மெய் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்திருந்தாள். ஓதம் ஆற்றின் திருப்பத்தைத் தாண்டி மறைந்த பிறகுதான் வாய் திறந்தாள்.

"இது எங்க போகுது?"

"மேல. ஹாங்சோ பக்கம்."

"அப்புறம்?"

மாவ்கென் மேற்கே பார்த்தார். ஐம்பத்தெட்டு வருடம் இந்த ஆற்றங்கரையில். வருகிற நேரம் தெரியும், வேகம் தெரியும், சத்தம் தெரியும். அவருடைய படிக்கட்டைத் தாண்டினால் அவருடைய பொறுப்பு முடிந்தது. ஜனங்கள் கலைவார்கள், அவர் குப்பை பொறுக்கப் போவார்.

"தெரியாதுக்கா," என்றார் உண்மையாக. "முடிவு வரைக்கும் நான் போனதே இல்ல."

"கார்ல போனா முந்திடலாம்," என்றாள் சியாவ்யூன்.

சைஃபங் முதலில் எழுந்தாள். "அப்ப என்ன உக்காந்திருக்கீங்க?"

ஓதத்தைத் துரத்தினார்கள். உண்மையில் துரத்தவில்லை, பெருஞ்சாலையில் அதை முந்திப் போய்க் காத்திருந்தார்கள். முதலில் நகரத்துக் கண்ணாடிக் கட்டடங்களுக்குக் கீழே நிறுத்தினார்கள். அங்கே அது இடுப்பு உயரம். அலுவலகத்து ஆட்கள் காபிக் கோப்பையோடு ஜன்னலில் நின்றார்கள். பிறகு பழைய இரும்புப் பாலத்துக்குப் பக்கத்தில், மலைமேல் கோபுரம் தெரிகிற இடத்தில். அங்கே முழங்கால் உயரம். ஆனால் ஆற்றை முழு அகலத்துக்கும் இழுத்து மூடியது, ஒரு மடிப்புக் கூடக் கலையாமல். பாலத்துத் தூண்களில் மட்டும் கொஞ்சம் முனகியது. மாவ்கென் காரின் பின் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டார். சைஃபங் அவரைத்தான் பார்த்தாள்.

அதற்கும் மேலே, ஆறு மலைகளுக்கு நடுவே திரும்புகிற இடத்தில், சாலை கரையை விட்டு விலகியது. அங்கே இறங்கினார்கள். டீத் தோட்டம், மூங்கில், ஒரு படித்துறை. ஒரு ஆள் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார். "அலை வருமா இங்க?" என்று மாவ்கென் கேட்டார்.

"வரும். வந்தாச்சுன்னு உனக்குத் தெரியாது, அவ்வளவுதான்," என்றார் அந்த ஆள்.

முக்கால் மணி நேரம் காத்திருந்தார்கள். ஆறு கீழ்நோக்கி, கடலை நோக்கி, அதன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஒரு மூங்கில் இலை மிதந்து போனது. மாவ்கென் அந்த இலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இலை நின்றது.

கீழ்த்திசையில் ஒரு மெல்லிய கோடு, புடவைக் கரை அகலம்கூட இல்லை. நுரை இல்லை. சத்தம் இல்லை. தண்ணீரின் தோல் லேசாகச் சிலிர்த்ததுபோல அது வந்தது. தூண்டில்காரர் வாளியை ஒரு படி மேலே தூக்கி வைத்தார், தலையைத் திருப்பாமலே. சிங்மெய் கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு, மற்றக் காலைக் கடைசிப் படியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். அந்தச் சிலிர்ப்பு அவள் பாதத்தைத் தொட்டது, கணுக்கால் வரை ஏறியது, கடந்து போனது.

"இதுதானா? நேத்து நம்ம ரெண்டு பேரையும் செவுத்தோட நசுக்குனது?"

"அதேதான்."

"எவ்ளோ சாதுவா இருக்கு," என்றாள், குழந்தையைப் பற்றிப் பேசுவதுபோல.

மாவ்கென் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீரில் கையை வைத்தார். தண்ணீர் இன்னும் மேல்நோக்கியே தள்ளியது, பூனை தலையால் முட்டுவதுபோல, மென்மையாக, நிறுத்தாமல். மூங்கில் இலை வந்த வழியே மேலே ஏறிக்கொண்டிருந்தது. அத்தனை தூரத்துக் கடல் தன் கைக்குள் வந்து நின்றதை அவர் யாரிடமும் சொல்ல முயலவில்லை.

"ஏய்யா, பேன்ட் நனையுது," என்றாள் சைஃபங். ஆனால் அவளும் செருப்பைக் கழற்றிக்கொண்டுதான் இருந்தாள்.

நாலு பேரும் வரிசையாகக் காலை நனைத்து உட்கார்ந்திருந்தார்கள். வெகுநேரம் கழித்து அந்தத் தள்ளல் நின்றது. ஆறு எந்தப் பக்கமும் போகாமல், மலையின் நிழலை மடியில் வைத்துக்கொண்டு, அப்படியே நின்றது. தூண்டில்காரர் கூட நிமிர்ந்து பார்த்தார்.